சீட்டு விழாத சூசை



சில ஆண்டுகளாக நம் பங்கில் ஒரு புதுவிதமான துக்கம் புகுந்திருக்கிறது. பரீட்சையில் பிள்ளை தவறிவிட்டான் என்ற துக்கத்தை நம் முன்னோர் அறிவார்கள். கப்பலுக்குப் போனவன் கடிதம் போடவில்லை என்ற துக்கத்தையும் அறிவார்கள். ஆனால் வகுப்பிலே முதலாவதாய் வந்த கெட்டிக்காரப் பிள்ளை, அமெரிக்க தேசத்துக் கல்லூரிகள் பத்துக்கு மனுப்போட்டு, ஏழு கல்லூரிகள் மறுத்து, இரண்டு கல்லூரிகள் காத்திருக்கச் சொல்லி, இடம் கொடுத்த ஒன்றோ பேர் தெரியாத கல்லூரியாயிருக்க, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறதே, இந்தத் துக்கம் நமக்குப் புதிது. இதற்கு என்ன ஆறுதல் சொல்வதென்று பெற்றோருக்குத் தெரியவில்லை. சில வீடுகளில் பாட்டிமார் மிளகாய் சுற்றித் திருஷ்டி கழிக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அதைப்பற்றி வேறொரு வாரம் பேசிக்கொள்வோம்.

பேர்பெற்ற சில கல்லூரிகள் மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் தங்கள் முடிவை வெளியிடுகின்றன. அமெரிக்கக் கீழ்க்கரையில் அப்போது மாலை 7 மணி. நமக்கு மறுநாள் விடியற்காலை நாலரை. 2024ஆம் ஆண்டில் அந்த விடியற்காலை நமக்குப் பெரிய வெள்ளிக்கிழமையாய் அமைந்தது. பிள்ளை கம்ப்யூட்டரின்முன் உட்கார்ந்திருக்க, தாயார் பின்னால் செபமாலையும் கையுமாய் நிற்கிறாள். திரையில் வருகிற கடிதம் மிகவும் மரியாதையான கடிதம். தகுதியுள்ளவர் பலர் மனுச் செய்தார்கள், இடமோ சொற்பம், ஆகையால் வருந்துகிறோம் என்கிற பாங்கில் அது முடிந்துவிடும். ஏன் மறுத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இராது. கேட்டு எழுதினாலும் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கடிதத்தோடு ஒரு தாயார் மேற்றிராசன வேலையாய் நான் புறப்படுகிற சமயத்தில் வந்து நின்றார்கள். “சாமி, என் மகனிடத்தில் என்ன குறை கண்டார்கள்? மார்க்கு போதாதா? நடத்தை போதாதா? நாங்கள் கடல் தொழில் வீடு என்று தெரிந்துவிட்டதா?” என்று கேட்டார்கள். துக்கத்தின் வேர் எங்கேயிருக்கிறதென்று அந்தக் கேள்வியே காட்டிவிட்டது.

நம் நாட்டில் இடம் கிடையாமற்போனால் காரணம் ஓர் எண்ணாய் நம் கையிலிருக்கும். பொறியியல் கலந்தாய்வென்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு எத்தனை என்பதே கணக்கு. வைத்தியப் படிப்பென்றால் 720க்கு எத்தனை என்பது கணக்கு. அரை மார்க்கில் போயிற்று என்று அழலாம். ஆனால் என்ன நடந்தது என்று தெரியும். ஆகவே மறுப்பென்றால் குறைவு, குறைவென்றால் நம் பிள்ளையின் குறைவு என்று நினைக்கும்படி நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கக் கடிதத்தைப் படிக்கிறோம். அங்கேதான் பிசகு.

அங்கே அந்தப் பெரிய கல்லூரிகள் மார்க்கின் வரிசைப்படி மேலிருந்து கீழே எண்ணி எடுப்பதில்லை. நம் கரையில் படகுக்கு ஆள் சேர்க்கிறதைப் பார்த்திருக்கிறீர்கள். சுக்கான் பிடிக்க ஒருவர், எஞ்சினைப் பார்க்க ஒருவர், வலை இழுக்கச் சிலர் என்று ஆள் வேண்டும். அன்றைக்குச் சுக்கான் பிடிக்கத் தெரிந்தவர்கள் பத்துப்பேர் வந்து நின்றால், ஒன்பதுபேர் வீடு திரும்ப வேண்டியதுதான். திரும்பினவருக்குத் தொழில் தெரியாதென்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுபோலவே இந்தத் தேசத்திலிருந்து இத்தனைபேர், இசைக்கு இத்தனைபேர், விளையாட்டுக்கு இத்தனைபேர், பழைய மாணவர் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் என்றெல்லாம் பார்த்து ஒரு வகுப்பைக் கூட்டுகிறார்கள். அது நியாயமா என்று கேட்டால், எல்லாவற்றையும் நியாயமென்று நான் சொல்லமாட்டேன். நம் பிள்ளையை நிறுத்துப் பார்த்துக் குறைவென்று தீர்ப்புச் சொன்னார்கள் என்பது சரியல்ல என்றுமட்டும் சொல்லுகிறேன்.

2024இல் ஹார்வர்டு கல்லூரிக்கு 54,008 பேர் மனுச் செய்தார்கள். 1,937 பேருக்கு இடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய 28 பேருக்கு ஒருவர். மற்ற 27 பேரும் மட்டமானவர்கள் என்று அந்தக் கல்லூரியே சொல்லுவதில்லை.

வெளிதேசத்துப் பிள்ளைகளின் காரியத்தில் இன்னொரு சங்கதி உண்டு. இதை நம் பெற்றோரில் பலர் அறியாதிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கல்லூரியொன்றில் ஓராண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் 65 இலட்சத்துக்கு மேல். நம் வீடுகளில் அதைக் கொடுக்க வல்லவர் யார்? ஆகவே உதவித்தொகை கேட்டே மனுச் செய்கிறோம். பெரும்பாலான கல்லூரிகள் வெளிதேசத்தாருக்கென்று சிறு தொகையைத்தான் ஒதுக்கி வைத்திருக்கின்றன. இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பணம் நாம் போடவேண்டியிருக்கும் என்பதையும் முடிவெடுக்கும்போது பார்க்கிறார்கள். பணம் தீர்ந்தால் இடமும் தீர்ந்தது. பணத்தைப் பாராமல் வெளிதேசத்துப் பிள்ளைகளை எடுக்கிறவை வெகு சில: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆம்ஹர்ஸ்ட் முதலானவை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோத்ர் டாமும் 2024இல் அந்த வழிக்கு வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் உலகத்து ஏழைப் பிள்ளைகளெல்லாம் அந்தச் சில வாசல்களில்தான் கூடுகிறார்கள். ஆகவே அங்கேதான் நெருக்கடியும் அதிகம். பல வீடுகளில் மகன் அழுகிறது தன் கட்டுரை சரியில்லையென்று. உண்மையில் முடிந்துபோனது கல்லூரியின் பணப்பெட்டியாயிருக்கலாம்.

இதெல்லாம் உலகக் கணக்கு. ஞானக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் வாய்விட்டுக் கேளாவிட்டாலும் மனதுக்குள் கேட்கிறார்கள்: “நான் நவநாள் செய்தேன். அம்மா வேளாங்கண்ணிக்கு நடந்து போனார்கள். அடுத்த தெருப் பையனுக்குக் கிடைத்ததே. சர்வேசுரன் அவனைத்தான் பார்த்தாரா?” இந்தக் கேள்விக்கு நேராக ஓர் ஆளை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அவரைப்பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் நம்மில் குறைவு.

ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தருளினபின் ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்தார்கள். யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு ஒருவரை நியமிக்கவேண்டுமென்று அர்ச். இராயப்பர் சொன்னார். இன்ன தகுதி வேண்டுமென்றும் சொன்னார்: ஸ்நாபக அருளப்பரின் ஞானஸ்நான காலமுதல் கடைசிவரையில் ஆண்டவரோடு கூடவே நடந்தவராயிருக்க வேண்டும். அந்தத் தகுதிக்கு இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஒருவர் மத்தியாஸ். மற்றவர் பர்சபாஸ் என்ற சூசை. நீதிமான் என்று பொருள்படும் யுஸ்துஸ் என்ற பட்டப்பெயரும் அவருக்கு இருந்தது. சபையார் செபம்பண்ணித் திருவுளச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியாஸுக்கு விழுந்தது.

சூசைக்கு என்ன குறை? வேத புத்தகம் ஒரு குறையும் சொல்லவில்லை. மூன்று ஆண்டு வெயிலிலும் பசியிலும் ஆண்டவரின் பின்னால் நடந்தவர். நீதிமானென்று ஊரார் வாயால் பெயர் வாங்கினவர். அவருக்காகவும் அதே செபந்தான் சொல்லப்பட்டது. அந்த அறையில் அவரும் முழங்காலில் இருந்திருப்பார். முடிவு வந்தபோது ஏன் என்று ஒருவரும் அவருக்கு விளக்கிச் சொன்னதாகவும் காணோம். அதற்குப்பின் வேதத்தில் அவர் பெயர் வரவே இல்லை. ஆனால் கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போனாரென்றும் எங்கும் எழுதப்படவில்லை. பத்தாம் நாள் இஸ்பிரீத்து சாந்து இறங்கி வந்தபோது கூடியிருந்தவர்கள் எல்லார்மேலும் அல்லவா இறங்கினார்? சீட்டு விழுந்தவர் தலைமேல் மாத்திரம் அக்கினி நாக்கு இறங்கினதென்று நாம் படிப்பதில்லை. திருச்சபை தன் பழைய அர்ச்சியசிஷ்டவர்களின் அட்டவணையில் ஜூலை 20ஆம் தேதியில் இந்தச் சூசையின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. அவர் நஞ்சைக் குடித்தும் தீங்கடையவில்லை என்ற ஒரு பழஞ்செய்தியை எவுசேபியுஸ் என்ற ஆதிகாலச் சரித்திர ஆசிரியரும் குறித்திருக்கிறார். மத்தியாஸின் பக்கத்தில் ஒன்றாய் உட்கார்ந்து அப்பம் உண்டிருப்பாரே, அதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்பதே எனக்கு அதிகம் தோன்றுகிறது.

ஆகவே, பிள்ளைகளே, செபம் கேட்கப்படவில்லை என்று சீக்கிரத்தில் முடிவு கட்டாதிருங்கள். ஓர் இடத்துக்கு இருவர் நின்று, இருவரும் மன்றாடினால், ஒருவர் திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பினவரைச் சர்வேசுரன் தள்ளிவிட்டார் என்பது நம்முடைய விசுவாசமல்ல.

நிற்க, ‘காத்திரு’ என்ற கடிதத்துக்கு வருவோம். மறுப்பைவிட இதுதான் அதிகமாய் மனதைத் தின்கிறது. நமக்குக் காத்திருப்போர் பட்டியல் என்றால் ரயில் டிக்கெட்டுதான் நினைவுக்கு வரும். 14 என்றிருந்தால் நாளைக்கு 9 ஆகும், பிறகு அரை இடம், கடைசியில் படுக்கை. அந்தக் கணக்கில் ஒரு தகப்பனார் தினமும் காலையில் மகனிடம், “இப்போது எத்தனையாவது எண்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே பெரும்பாலும் எண்ணே கிடையாது. இடம் பெற்றவர்களில் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று மே 1ஆம் தேதியளவில் தெரிந்தபின், காலியான இடத்துக்கு எப்படிப்பட்ட பிள்ளை வேண்டுமோ அப்படிப்பட்ட பிள்ளையை அந்தக் கூட்டத்திலிருந்து எடுப்பார்கள். சில ஆண்டுகளில் பலரை எடுப்பார்கள். சில ஆண்டுகளில் ஒருவரையும் எடுக்கமாட்டார்கள். கடந்த ஆண்டுகளில் எத்தனைபேரை எடுத்தார்கள் என்பதை அநேகக் கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற அறிக்கையில் வெளியிடுகின்றன. அதை ஒருமுறை பார்த்துவிட்டு நம்பிக்கையின் அளவை வைத்துக்கொள்வது நல்லது.

காத்திருப்பதற்கு நம் ஞானத் தகப்பன்மாரிடத்தில் ஒரு நல்ல முறை இருக்கிறது. 1534ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி, பாரிஸ் நகரத்து மோன்மார்த்தர் குன்றில், அர்ச். இஞ்ஞாசியாரும் சவேரியாரும் தோழர் ஐவரும் ஜெருசலேமுக்குப் போவதாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஆனால் அந்த வார்த்தைப்பாட்டுக்கு ஓர் எல்லையும் வைத்தார்கள். வெனீஸ் பட்டணத்தில் ஓராண்டு கப்பலுக்குக் காத்திருப்பது. கப்பல் கிடையாவிட்டால் உரோமைக்குப் போய்ப் பாப்பரசரிடம் தங்களை ஒப்புக்கொடுப்பது. 1537இல் வெனீசுக்கும் துருக்கருக்கும் யுத்தம் மூண்டது. அந்த ஆண்டு யாத்திரைக் கப்பல் புறப்படவே இல்லை. அவர்கள் கரையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்களா? இல்லை. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் புண்ணைக் கழுவினார்கள். அந்த ஜூன் 24ஆம் தேதி இஞ்ஞாசியாரும் சவேரியாரும் குருப்பட்டம் பெற்றார்கள். தவணை கடந்தது, கப்பல் இல்லை, உரோமைக்குப் போனார்கள்.

பிறகு நடந்ததை நம் கடற்கரையார் மறக்கலாகாது. போர்த்துக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருக்களைக் கேட்டபோது, சிமோன் ரோட்ரிக்ஸும் நிக்கோலாஸ் பொபதில்யாவும் நியமிக்கப்பட்டார்கள். சவேரியார் பெயர் அதில் இல்லை. பொபதில்யா நோயாய் விழுந்தார். பயணமோ தாமதிக்கக் கூடாதது. அப்போதுதான் சவேரியார் அழைக்கப்பட்டு, 1540 மார்ச் மாதத்தில் உரோமையை விட்டுப் புறப்பட்டார். 1542 மே 6ஆம் தேதி கோவா சேர்ந்தார். அந்த ஆண்டு முடியுமுன்னே நம் முத்துக்குளித்துறை மணலில் நடந்தார். ஜெருசலேம் கப்பல் புறப்பட்டிருந்தால் இங்கே யார் வந்திருப்பார்களோ சர்வேசுரனுக்குத் தெரியும்.

காத்திருந்தால் எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லுகிறதாக எண்ண வேண்டாம். அதே சவேரியார் 1552இல் சீன தேசத்துக் கரைக்கு எதிரே சான்சியான் தீவில், தம்மை ஏற்றிப்போவதாய்ச் சொன்ன வியாபாரியின் படகுக்குக் காத்திருந்தார். படகு வரவில்லை. டிசம்பர் 3ஆம் தேதி அங்கேயே ஓலைக் குடிசையில் உயிர்விட்டார். மிகப் பெரிய அர்ச்சியசிஷ்டவருக்கும் ஒரு படகு வராமற்போயிற்று.

இந்த முறையை நம் வீட்டுக் காரியத்துக்குக் கொண்டுவந்தால் என்ன செய்ய வேண்டும்? இடம் கொடுத்த கல்லூரி எதுவோ, அதன் உதவித்தொகைக் கணக்கு நம்மால் தாங்கக்கூடியதாயிருந்தால், மே 1ஆம் தேதிக்குள் முன்பணம் கட்டி அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வேறிடம் கிடைத்தால் அந்த முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது, அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். காத்திருக்கச் சொன்ன கல்லூரிக்கு, காத்திருக்கச் சம்மதம் என்று தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பெயர் பட்டியலில் இராது. பிறகு ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்கு மிகாமல், மனுப் போட்டபின் நடந்த புதிய செய்திகளை மாத்திரம் சொல்லி எழுதலாம். பத்துப்பேரிடம் சிபாரிசு வாங்கி அனுப்புவதும், என்னிடம் வந்து மேற்றிராணியாரின் கையொப்பம் கேட்பதும் வேண்டாம். காத்திருப்போர் பட்டியலிலிருந்து எடுக்கிற வெளிதேசத்தாருக்கு உதவித்தொகை உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அந்த நேரத்துக்குள் பணம் தீர்ந்திருக்கும். பணமில்லாமல் வருகிற இடம் நமக்கு இடமல்ல.

தவணையும் வையுங்கள். ஜூன் 29ஆம் தேதி, அர்ச். இராயப்பர் சின்னப்பர் திருநாளை என் மனதில் வைத்திருக்கிறேன். அதற்குமேல் இடம் வந்தாலும் ஐ-20 என்ற பத்திரம் வரவேண்டும், 350 டாலர் ஒரு கட்டணம், 185 டாலர் விசாக் கட்டணம், நேர்முகத்துக்கு நாள் வேண்டும். ஆகஸ்டில் கல்லூரி திறந்துவிடும். 2025ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிதாய் நேர்முக நாள் கொடுப்பதையே மூன்று வாரமளவு நிறுத்திவைத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வுக்குச் சமீப ஆண்டுகளில் மே மாதத்திலேயே பதிவு தொடங்கி ஜூன் முற்பகுதியில் முடிகிறது. அமெரிக்கக் கடிதம் வரும் வரும் என்று இதைக் கோட்டைவிட்ட வீட்டை நான் அறிவேன்.

பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர் 3,31,602 பேர். அவர்களில் இளங்கலைப் படிப்புக்குப் போனவர்கள் 36,053 பேர்தான். பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்குப் போனவர்களோ 1,96,567 பேர். நம் நாட்டுப் பிள்ளைகள் நடக்கிற பெரிய பாதை நாலு வருஷம் கழித்துத்தான் தொடங்குகிறது. இங்கே பாளையங்கோட்டையிலோ திருச்சியிலோ நன்றாய்ப் படித்தவனை அப்போது அங்கே ஆராய்ச்சிக்கும் உதவிப்பணிக்கும் சம்பளத்தோடு எடுத்துக்கொள்வதும் உண்டு.

பெற்றோரே, உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். கடிதம் வந்த அன்றைக்கே “தேவ சித்தம்” என்று பிள்ளையிடம் சொல்லாதேயுங்கள். அது உண்மை, ஆனால் அன்றைக்கு அது வாயை மூடு என்பதுபோலக் கேட்கும். அழ விடுங்கள். சோறு போடுங்கள். “எவ்வளவு செலவு செய்தோம்” என்ற பேச்சு அந்த வாரத்தில் வீட்டில் எழும்பக் கூடாது. உறவினர் கேட்டால் பதில் சொல்லுகிறது உங்கள் பாரம். பிள்ளையை முன்னே தள்ளாதிருங்கள். மனுப் போட்டபோதே ஊரெல்லாம் சொல்லி வைத்ததற்குப் பிள்ளை பிணையல்ல. நிச்சயம் இடம் வாங்கித் தருகிறேனென்று சொல்லுகிற தரகரிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதிருங்கள். அப்படி நிச்சயம் சொல்ல எந்த மனிதனுக்கும் அதிகாரமில்லை. இரண்டு வாரமாகியும் பிள்ளை சரியாய் உண்ணாமலும் உறங்காமலும், செத்துப்போனால் தேவலை என்ற பேச்சோடும் இருந்தால், அது பிடிவாதமல்ல, நோய். வைத்தியரிடம் அழைத்துப்போங்கள். 14416 என்ற அரசாங்க எண்ணில் எந்த நேரமும் இலவசமாய்ப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அறைவீட்டுக் கதவையும் இரவில் தட்டலாம்.

இடம் கிடைத்த பிள்ளைகளும் நம் பங்கில் இருவர் உண்டு. அவர்கள் வீட்டார் நன்றிப்பூசை கேட்டிருக்கிறார்கள், சந்தோஷமாய் வைப்போம். ஆனால் கோவில் வாசலில் பெரிய படம் போட்ட விளம்பரத் தட்டி கட்டக் கேட்டதற்கு நான் சம்மதிக்கவில்லை. காரணத்தை அவர்களிடம் சொன்னேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின், மறுப்புக் கடிதமோ காத்திருப்புக் கடிதமோ வந்த பிள்ளைகள் பங்கு மண்டபத்துக்கு வரலாம். அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கடிதம் எழுதவும் உதவித்தொகைக் கணக்குப் பார்க்கவும் உதவி செய்வார். கல்லூரியிலிருந்து வந்த காகிதங்களைக் கொண்டுவாருங்கள். மார்க்கு அட்டை வேண்டாம். தேநீர் உண்டு.